ஒரு கிலோ குழந்தைக்கு என்ன பால்?

ஏழு மாதத்தில் பிறந்த பிள்ளை பிழைக்கும். எட்டு மாதத்தில் பிறந்த பிள்ளை பிழைக்காது. ஊரில் பெரியவர்கள் இப்படிச் சொல்வார்கள். பல பேர் இதை இன்றும் நம்புகிறார்கள். ஆனால் இது உண்மை இல்லை. தாயின் வயிற்றில் குழந்தை எத்தனை நாள் கூடுதலாக இருக்கிறதோ, அத்தனைக்கு அத்தனை நல்லது. ஏழு மாதப் பிள்ளையை விட எட்டு மாதப் பிள்ளைக்குப் பலம் அதிகம்.

டாக்டர்கள் மாதக் கணக்கில் சொல்வதில்லை. வாரக் கணக்கில் சொல்வார்கள். 37 வாரம் முடியும் முன்பு பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. 32 வாரத்துக்கு முன்பே பிறந்தால் அது மிகவும் குறைந்த மாதக் குழந்தை. இப்படிப்பட்ட குழந்தையின் எடை ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ இருக்கலாம். அதற்கும் கீழே இருக்கலாம். ஒரு கிலோ சர்க்கரைப் பையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முழு மனிதப் பிள்ளையின் எடை அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது? எப்படிக் கொடுப்பது? இந்தப் பாடம் அதைப் பற்றியது.

சயான் ஆஸ்பத்திரி

மும்பையில் தமிழர்கள் நிறைய வாழும் இடங்கள் தாராவி, மாட்டுங்கா, செம்பூர். தாராவிக்குத் திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்தவர்கள் அதிகம். தோல் பதனிடும் வேலைக்கு முதலில் வந்தார்கள். அப்புறம் சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டார்கள். இந்த மூன்று இடங்களுக்கும் எட்டும் தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை என்பது அதன் முழுப் பெயர். யாரும் அப்படிச் சொல்வதில்லை. சயான் ஆஸ்பத்திரி என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் தெரியும். தாராவி 60 அடி ரோட்டில் அதன் கிளை ஒன்று இருக்கிறது. அதை மக்கள் சோட்டா சயான் என்பார்கள்.

இந்த ஆஸ்பத்திரியில் 1989 ஆம் ஆண்டு நவம்பர் 27 அன்று ஒரு வங்கி திறந்தார்கள். அது பண வங்கி அல்ல. இரத்த வங்கியும் அல்ல. தாய்ப்பால் வங்கி. ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி அதுதான். அதைத் தொடங்கியவர் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ். பச்சிளம் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். பிறகு அதே ஆஸ்பத்திரிக்குத் தலைவராகவும் இருந்தார். 1999 ஆம் ஆண்டில் ஸ்நேஹா என்ற தொண்டு நிறுவனத்தையும் தொடங்கினார். தாராவிப் பெண்களுக்கு அந்த நிறுவனத்தைத் தெரியும்.

பால் வங்கி வருவதற்கு முன்பு நிலைமை மோசம். எடை குறைந்த குழந்தைகள் கிருமி தாக்கி இறந்துபோனார்கள். குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். தாய் வேறு வார்டில் இருப்பாள். குழந்தைக்குப் புட்டியில் மாவுப் பால். புட்டியில் கிருமி. ரப்பரில் கிருமி. கலக்கும் தண்ணீரில் கிருமி. டாக்டர் பெர்னாண்டஸும் உடன் இருந்தவர்களும் இதைக் கவனித்தார்கள். புட்டியையும் மாவுப் பாலையும் ஒதுக்கினார்கள். தாயைக் குழந்தையின் பக்கத்தில் வரச் சொன்னார்கள். தாய்ப்பாலையே கொடுத்தார்கள். ஆனால் எல்லாத் தாய்க்கும் முதல் நாளிலேயே பால் வந்துவிடாது. அந்தக் குழந்தைகளுக்கு என்ன செய்வது? அதற்காகத்தான் வங்கி.

குழந்தையின் குடல்

மிகவும் முன்னால் பிறந்த குழந்தையின் கை, கால், கண் எல்லாம் வெளியே தெரிகிறது. குடல் தெரிவதில்லை. ஆனால் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அந்தக் குடல் இன்னும் வேலை செய்யப் பழகவில்லை. அதன் உள்பக்கத் தோல் மிகவும் மெல்லியது. கிருமி எளிதாக உள்ளே நுழைந்துவிடும்.

இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் ஒன்று வரும். டாக்டர்கள் அதை என்.இ.சி. என்பார்கள். குழந்தையின் வயிறு உப்பும். பச்சையாக வாந்தி எடுக்கும். மலத்தில் இரத்தம் வரும். சில குழந்தைகளுக்குக் குடலில் ஓட்டை விழும். ஆபரேஷன் செய்து அழுகிய குடலை வெட்டி எடுக்க வேண்டி வரும். வந்த குழந்தைகளில் பலர் இறந்துபோகிறார்கள். நன்றாகத் தேறி வந்துகொண்டிருந்த குழந்தைக்கும் இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம் திடீரென்று வந்துவிடும்.

1990 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. குறைமாதக் குழந்தைகள் 926 பேரைக் கவனித்தார்கள். எந்தக் குழந்தை என்ன பால் குடித்தது, எதற்கு இந்த நோய் வந்தது என்று எழுதி வைத்தார்கள். கணக்குப் பார்த்தபோது மாவுப் பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்கு நோய் அதிகம். தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளை விட 6 முதல் 10 மடங்கு அதிகம்!

மாவுப் பால் என்பது என்ன? பெரும்பாலும் பசும்பாலைப் பக்குவம் செய்து பொடியாக்கியதுதான். கன்றுக்குட்டிக்காக ஊறிய பால். அதில் புரதம் இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது. டப்பாவில் எழுதியிருப்பது பொய் அல்ல. ஆனால் தாய்ப்பாலில் வேறு சில பொருள்களும் இருக்கின்றன. அவை குடலின் மேல் பூச்சுப் போலப் படிந்து கிருமியை உள்ளே விடாமல் தடுக்கின்றன. டப்பாவில் அவை இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள். தாய் தன் குழந்தை இருக்கும் வார்டுக்கு வருகிறாள். குழந்தையைத் தொடுகிறாள். அந்த வார்டில் உள்ள கிருமிகள் அவள் உடம்புக்கும் அறிமுகம் ஆகின்றன. அவள் உடம்பு அவற்றை எதிர்க்கும் சத்தைத் தயார் செய்கிறது. அது பாலில் வந்து சேர்கிறது. எந்த வார்டில் பிள்ளை கிடக்கிறதோ, அந்த வார்டுக்கு ஏற்ற மருந்து! எந்தக் கம்பெனியும் இப்படிச் செய்ய முடியாது.

எவ்வளவு பால்?

இங்கே ஒரு கணக்குப் போடலாம். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ எடையுள்ள குழந்தை நன்றாகப் பால் குடிக்கத் தொடங்கிய பிறகு, ஒரு நாளைக்குச் சுமார் 150 மில்லி பால் தேவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கிறார்கள். அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை? 24 ஐ 2 ஆல் வகுத்தால் 12. ஒரு தடவைக்கு எவ்வளவு? 150 ஐ 12 ஆல் வகுத்தால் பன்னிரண்டரை மில்லி. மருந்து கொடுக்கும் சின்ன ஸ்பூனில் 5 மில்லி பிடிக்கும். ஆகவே இரண்டரை ஸ்பூன்.

இதுவும் பிறகுதான். முதல் நாளில் ஒரு தடவைக்கு 1 மில்லி, 2 மில்லிதான் கொடுப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். எவ்வளவு வேகமாகக் கூட்டலாம் என்று டாக்டர்களுக்குள்ளே வெகு நாளாக வாதம் இருந்தது. வேகமாகக் கூட்டினால் குடல் கெடும் என்று சிலர் பயந்தார்கள். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் 2,800 க்கும் அதிகமான குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். 2019 இல் முடிவு வந்தது. பாதிப் பேருக்கு ஒரு கிலோவுக்கு நாள்தோறும் 18 மில்லி கூட்டினார்கள். மீதிப் பேருக்கு 30 மில்லி கூட்டினார்கள். இரண்டு வயதில் பார்த்தபோது பெரிய வித்தியாசம் இல்லை.

இந்தக் கணக்கில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. “எனக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, இது என்னத்துக்கு ஆகும்” என்று முதல் நாளில் அழும் தாய்மார் உண்டு. அழ வேண்டாம். பிள்ளைக்கு அன்றைக்குத் தேவையும் சொட்டுத்தான். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீச்சிக் கொட்டிவிடும் பழக்கம் நம்மிடம் இருந்தது. அது கெட்ட பால் அல்ல. கிருமியை எதிர்க்கும் சத்து அதில்தான் மிகவும் அதிகம். ஒரு சொட்டுக் கூட வீண் ஆகக் கூடாது.

பாலை எடுப்பது எப்படி?

34 வாரம் ஆகும் வரை குழந்தைக்குச் சரியாக உறிஞ்சத் தெரியாது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்ய அதனால் முடியாது. அதனால் வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ மெல்லிய குழாயை வயிறு வரை விட்டிருப்பார்கள். அந்தக் குழாய் வழியாகப் பால் போகும். தாய் பாலைக் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

பிள்ளை பிறந்த சில மணி நேரத்துக்குள் எடுக்கத் தொடங்க வேண்டும். முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். கொதிக்க வைத்த சுத்தமான கிண்ணத்தைக் கீழே பிடியுங்கள். கட்டை விரலை மார்பின் கருவட்டத்துக்கு மேலே வையுங்கள். மற்ற விரல்களைக் கீழே வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கம் லேசாகத் தள்ளி, பிறகு அழுத்தி, விட வேண்டும். மறுபடி தள்ளி, அழுத்தி, விட வேண்டும். காம்பை இழுக்கக் கூடாது. வலித்தால் முறை தவறு என்று அர்த்தம். சிஸ்டரைக் கேளுங்கள்.

இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 8 தடவைக்குக் குறையக் கூடாது. இரவிலும் எழுந்து எடுக்க வேண்டும். இது லேசான வேலை அல்ல. ஆபரேஷன் செய்த உடம்போடு, பக்கத்தில் பிள்ளை இல்லாமல், இரவு இரண்டு மணிக்கு எழுந்து கிண்ணத்தைப் பிடிப்பது கஷ்டம். வீட்டில் உள்ளவர்கள் இதை உணர வேண்டும். கணவன் கிண்ணத்தைக் கழுவித் தரலாம். கொதிக்க வைத்துத் தரலாம். எடுத்த பாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அறைச் சூட்டில் பால் சுமார் 4 மணி நேரம் கெடாது. பிரிஜ்ஜில் ஒரு நாள் வைக்கலாம். மூடி போட்டு, எடுத்த நேரத்தை எழுதி வையுங்கள். எழுதப் படிக்கக் கற்றது இதற்கும் உதவுகிறது, பாருங்கள்.

வங்கியில் என்ன நடக்கிறது?

சில தாய்மாருக்கு உடம்பு மோசமாக இருக்கும். ஐ.சி.யு.வில் இருப்பார்கள். சிலருக்கு இரண்டு மூன்று நாள் பால் இறங்காது. இரட்டைப் பிள்ளை என்றால் பத்தாமல் போகலாம். தாயே இறந்துபோவதும் உண்டு. அந்தக் குழந்தைகளுக்கு வங்கிப் பால் கிடைக்கிறது.

அந்தப் பாலைக் கொடுப்பது யார்? பங்களாக்களில் இருந்து வருபவர்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அதே ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற பெண்கள்தான். குழந்தைக்குத் தடுப்பூசி போட வருபவர்கள். அல்லது தங்கள் பிள்ளையே பெட்டியில் கிடக்க, அதற்குக் கொடுத்தது போக மீதியைத் தருபவர்கள். சேரிகளில் வாழும் ஏழைத் தாய்மார் நிறைய. தனக்கே சரியான சாப்பாடு இல்லாதவள் வேறொருத்தி பிள்ளைக்குப் பால் தருகிறாள்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். தாராவியில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம். மருமகள் சயானில் பிள்ளை பெற்றிருக்கிறாள். நிறைமாதப் பிள்ளை. நன்றாகக் குடிக்கிறது. பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது. வங்கிக்குக் கொடுக்கலாமா என்று சிஸ்டர் கேட்டார். மாமியாருக்கு மனம் இல்லை.

“ஏ பிள்ளை, வேற பிள்ளைக்குக் கொடுத்தா நம்ம பிள்ளைக்குப் பால் வத்திப் போயிராதா?”

“வத்தாது அத்தை. எடுக்க எடுக்கத்தான் ஊறுமாம். கட்டி வச்சாத்தான் வத்துமாம். டாக்டரம்மா சொன்னாங்க.”

“கண்ணு பட்டுரும்.”

“யாரு பாலுன்னு யாருக்கும் தெரியாது அத்தை. நாலஞ்சு பேரு பாலை ஒண்ணாக் கலந்திருவாங்களாம்.”

“நாலஞ்சு பேரா? எந்தச் சாதியோ, எந்த மதமோ!”

“நம்ம ஊர்ல பெரியம்மா செத்தப்ப அவங்க பிள்ளைக்கு யாரு பால் கொடுத்தா? நீங்கதானே அத்தை சொன்னீங்க, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தாங்கன்னு.”

மாமியார் அதற்குப் பதில் சொல்லவில்லை.

மருமகள் சொன்னது சரி. பால் எடுக்க எடுக்க ஊறும். மார்பு காலியானால்தான் உடம்பு இன்னும் தயார் செய்யும். ஆனால் தன் பிள்ளைக்குக் கொடுத்தது போக மீதியைத்தான் கேட்பார்கள். தன் பிள்ளையைப் பட்டினி போட்டுக் கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

மதம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் உடன் பிறந்தவர்கள் போல ஆகிவிடுவார்கள், அவர்களுக்குள் கல்யாணம் கூடாது என்பது இஸ்லாமிய மார்க்கம். தாராவியில் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு இந்தக் கேள்வி வருவது நியாயம்தான். வங்கிப் பால் விஷயத்தில் மார்க்க அறிஞர்களிடையே இரண்டு கருத்தும் இருக்கிறது. வங்கிப் பால் கொடுக்கும் முன் பெற்றோரிடம் சம்மதம் கேட்க வேண்டும். கேட்காமல் கொடுக்கக் கூடாது. மனதில் உள்ளதைத் தயங்காமல் டாக்டரிடம் சொல்லலாம்.

இனி வங்கிக்குள் போவோம். பால் கொடுக்க வரும் தாயிடம் முதலில் பல கேள்வி கேட்பார்கள். என்ன வியாதி இருக்கிறது? என்ன மாத்திரை சாப்பிடுகிறாள்? புகையிலை போடுகிறாளா? மிஷ்ரி தேய்க்கிறாளா? குடிப்பழக்கம் உண்டா? பிறகு இரத்தம் சோதிப்பார்கள். எய்ட்ஸ் கிருமி, மஞ்சள் காமாலையின் பி வகைக் கிருமி, மேக நோய் ஆகியவை இல்லை என்று தெரிய வேண்டும். கையெழுத்து வாங்குவார்கள்.

எடுத்த பாலை ஸ்டீல் பாத்திரத்தில் சேர்ப்பார்கள். சூடு செய்யும் எந்திரத்தில் வைப்பார்கள். சூடு 62.5 டிகிரி இருக்க வேண்டும். 30 நிமிடம் அதே சூட்டில் இருக்க வேண்டும். வீட்டில் பால் பொங்கக் காய்ச்சுகிறோமே, அது போல அல்ல. கொதித்தால் நல்ல சத்தும் போய்விடும். இந்தச் சூட்டில் கிருமி சாகும், சத்துப் பெரும்பாலும் தங்கும். உடனே குளிர வைப்பார்கள். கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். அதில் கிருமி வளர்ந்தால் அந்தப் பால் முழுவதையும் கொட்டிவிடுவார்கள். கிருமி இல்லை என்றால் மைனஸ் 20 டிகிரிக் குளிரில் உறைய வைப்பார்கள். பல வாரம் கெடாது.

உலகத்தின் முதல் பால் வங்கி 1909 இல் ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரில் தொடங்கியது. 1980 களில் எய்ட்ஸ் பயம் வந்தது. தாய்ப்பால் வழியாகவும் அந்தக் கிருமி போகும் என்று தெரிந்ததும் மேல்நாடுகளில் பல வங்கிகளை மூடிவிட்டார்கள். சயானில் வங்கி திறந்தது அந்தச் சமயத்தில்தான்! பெரிய நாடுகள் மூடிக்கொண்டிருந்தபோது ஒரு மாநகராட்சி ஆஸ்பத்திரி திறந்தது. துணிச்சல்தான். இரத்தச் சோதனையும் 30 நிமிடச் சூடும் சேர்ந்தால் அந்தக் கிருமிக்குப் பயப்பட வேண்டியதில்லை.

அதே காரணத்தால், பக்கத்துப் படுக்கைப் பெண்ணிடம் நேராகப் பால் வாங்கிக் குறைமாதக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. அந்தக் காலத்தில் அப்படிக் கொடுத்தார்கள், உண்மை. அப்போது இரத்தச் சோதனை கிடையாது.

சீட்டுக் குலுக்கிப் பார்த்த ஆய்வு

வங்கிப் பால் உண்மையிலேயே மாவுப் பாலை விட மேலா? நல்லது என்று நம்பினால் மட்டும் போதாது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

எப்படிச் சோதிப்பது? சீட்டுக் குலுக்குவது போல ஒரு முறை இருக்கிறது. பெற்றோர் சம்மதம் தந்த குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு வகைப் பால். இன்னொன்றுக்கு வேறு வகை. பணக்காரப் பிள்ளை, பலமான பிள்ளை எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிடாது. அதனால் வித்தியாசம் வந்தால் அது பாலால் வந்தது என்று சொல்லலாம்.

டில்லியில் டாக்டர் இந்திரா நாராயணனும் மற்றவர்களும் இப்படி ஓர் ஆய்வு செய்தார்கள். 1984 இல் அது உலகப் புகழ் பெற்ற லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் வந்தது. எடை குறைந்த குழந்தைகளில் சூடு செய்யாத தாய்ப்பால் குடித்தவர்களுக்குத்தான் கிருமித் தாக்குதல் மிகவும் குறைவு. சூடு செய்த தாய்ப்பாலோடு மாவுப் பாலும் குடித்தவர்களுக்குத்தான் மிகவும் அதிகம். மும்பையில் வங்கி வருவதற்கு 5 ஆண்டு முன்பே நம் நாட்டுப் பிள்ளைகளை வைத்து நம் நாட்டு டாக்டர்கள் கண்டுபிடித்தது இது.

அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2024 இல் வந்தது. மிக மிகச் சிறிய குழந்தைகள் 483 பேர். 29 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள் அல்லது ஒரு கிலோவுக்குக் குறைந்தவர்கள். தாயிடம் பால் இல்லாதவர்கள் அல்லது மிகவும் குறைவாக உள்ளவர்கள். பாதிப் பேருக்கு வங்கிப் பால். பாதிப் பேருக்குக் குறைமாதக் குழந்தைக்கு என்றே செய்த மாவுப் பால். என்ன நடந்தது?

குடல் அழுகும் நோய் மாவுப் பால் கூட்டத்தில் நூற்றில் 9 பேருக்கு வந்தது. வங்கிப் பால் கூட்டத்தில் நூற்றில் 4 பேருக்கு வந்தது. பாதிக்கும் கீழே.

ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். வங்கிப் பால் குடித்த குழந்தைகளுக்கு எடை மெதுவாக ஏறியது. இரண்டு வயது வாக்கில் அறிவு வளர்ச்சியைச் சோதித்தார்கள். இரண்டு கூட்டமும் ஒன்று போலவே இருந்தது. வங்கிப் பால் குடித்தால் பிள்ளை புத்திசாலி ஆகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கனடா நாட்டில் 363 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2016 இல் வந்தது. அதிலும் ஏறக்குறைய இதே பதில்தான்.

எடை ஏன் மெதுவாக ஏறுகிறது? வங்கிப் பால் பெரும்பாலும் நிறைமாதப் பிள்ளை பெற்ற தாயின் பால். குறைமாதப் பிள்ளை பெற்ற தாயின் பாலில் முதல் சில வாரம் புரதம் கூடுதலாக இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எது வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது! சூடு செய்யும்போது கொழுப்பைச் செரிக்க உதவும் ஒரு பொருளும் அழிந்துபோகிறது. அதனால் மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பாலில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள ஒரு பொடியைக் கலந்து கொடுப்பார்கள். டாக்டர் சொன்னால் மட்டும், சொன்ன அளவு மட்டும்.

ஆகவே வரிசை இதுதான். முதலில் பெற்ற தாயின் பால். அது இல்லாதபோது வங்கிப் பால். அதுவும் இல்லாதபோதுதான் டாக்டர் சொல்லும் மாவுப் பால். வங்கிப் பால் இருக்கிறதே என்று தாய் தன் பாலை எடுக்காமல் இருந்துவிடக் கூடாது. நல்ல வங்கி என்றால் தாய்க்குப் பால் வரும் வரை சில நாள் கைகொடுத்து, பிறகு ஒதுங்கிக்கொள்ளும். மாமியாரோ அம்மாவோ ஆசையாகக் கொண்டுவரும் தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால் எதுவும் இந்த வரிசையில் இல்லை. ஒரு கிலோ குழந்தைக்கு ஒரு சொட்டுத் தேனும் விஷம் ஆகலாம்.

நெஞ்சோடு அணைத்து

பால் பெருக ஒரு வழி, பிள்ளையைத் தாயின் வெறும் மார்பில் தோலோடு தோல் படும்படி வைத்துக் கட்டுவது. கங்காரு முறை என்று இதற்குப் பெயர். பிள்ளைக்கு வெதுவெதுப்பு. தாய்க்கு நிம்மதி. பாலும் ஊறும். முன்பெல்லாம் பிள்ளை ஓரளவு தேறிய பிறகுதான் இப்படித் தருவார்கள். டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் ஆப்பிரிக்காவின் நாலு நாடுகளில் உள்ள ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து, பிறந்த உடனேயே கொடுத்துப் பார்த்தார்கள். 1 கிலோ முதல் 1.8 கிலோ வரை உள்ள 3,200 க்கும் அதிகமான குழந்தைகள். 2021 இல் முடிவு வந்தது. பழைய முறையில் ஒரு மாதத்துக்குள் நூற்றுக்குச் சுமார் 16 குழந்தைகள் இறந்தார்கள். உடனே அணைத்தபோது 12 பேர். ஆய்வை முடிக்கும் முன்பே நிறுத்திவிட்டு, எல்லாக் குழந்தைகளுக்கும் இதையே செய்யச் சொன்னார்கள். அப்பாவும் அணைக்கலாம். பாட்டியும் அணைக்கலாம்.

குழாயை எடுத்த பிறகு பிள்ளைக்குப் பால் புகட்ட நம் பாலாடை வருகிறது. நம் பாட்டிமார் கையில் இருந்த அதே பாலாடை! இன்று வட நாட்டு டாக்டர்களும் அதைப் பாலாடை என்றே சொல்கிறார்கள். புட்டி, கப், பாலாடை மூன்றையும் ஒப்பிட்ட இந்திய ஆய்வு ஒன்று 1999 இல் வந்தது. பாலாடையில்தான் குழந்தைகள் அதிகப் பாலைக் குறைந்த நேரத்தில் குடித்தார்கள். கழுவுவதும் சுலபம். இடுக்கில் அழுக்குத் தங்காது.

விலைக்கு இல்லை

மாவுப் பாலையும் புட்டியையும் விளம்பரம் செய்யக் கூடாது என்று நம் நாட்டில் 1992 இல் சட்டம் வந்தது. 2003 இல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். பிள்ளை பெற்ற தாய்க்கு இலவச டப்பா கொடுப்பதும் குற்றம். வார்டில் யாராவது டப்பாவை நீட்டினால் இது நினைவில் இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் சென்னை, மதுரை, கோவை, திருச்சி உள்ளிட்ட ஏழு அரசு ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பால் வங்கிகளைத் திறந்தார்கள். பிரசவத்துக்கு ஊருக்குப் போகும் மும்பைப் பெண்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. 2017 இல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் விதிமுறை வெளியிட்டது. பால் கொடுக்கும் தாய்க்குப் பணம் தரக் கூடாது. பாலை விற்கவும் கூடாது. ஆனாலும் சில கம்பெனிகள் ஏழைத் தாய்மாரிடம் பாலை வாங்கி, பொடியாக்கி, அதிக விலைக்கு விற்கத் தொடங்கின. விலை வைத்தால் என்ன ஆகும்? பணத்துக்காகத் தன் பிள்ளையின் பங்கையும் விற்கும் நிலை ஒரு தாய்க்கு வரும். 2024 மே மாதம் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தாய்ப்பால் விற்பனைக்கு அனுமதி இல்லை என்று கண்டிப்பாக அறிவித்தது.

பால் கொடுக்க விரும்புகிறவர்கள் பிரசவ வார்டு சிஸ்டரிடமோ, தடுப்பூசி போடும் இடத்திலோ கேட்கலாம். தன் பிள்ளை நன்றாகக் குடித்து எடை ஏறுகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகுதான் இரத்தச் சோதனை. எய்ட்ஸ் கிருமி உள்ள தாய் வங்கிக்குக் கொடுக்க முடியாது. ஆனால் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு தன் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். அதை அவள் டாக்டர் சொல்வார்.